நாய்க்குச் சின்னக் காயம்: மஞ்சளா, டெட்டாலா, பெட்டாடினா?

பாலாற்று மணலில் ஓடிவிட்டு வரும் நாயின் பாதத்தில் பாட்டில் சில்லோ சீமைக்கருவேல முள்ளோ ஏறியிருப்பது வேலூர்ப் பக்கம் சகஜம். காயத்தைப் பார்த்ததும் வீட்டில் மூன்று கட்சி கிளம்பும்: பாட்டி மஞ்சள் என்பார், அப்பா டெட்டால் என்பார், பிள்ளைகள் மெடிக்கலுக்கு ஓடிப்போய் பெட்டாடின் வாங்கி வருவார்கள். என் ஓட்டு முதலில் உப்புத் தண்ணீருக்கு.

ஏனென்றால் காயத்தை ஆறவிடாமல் செய்வது உள்ளே தங்கிய மண்ணும் முடியும்தான். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் மண் போகும்வரை பீய்ச்ச வேண்டும். எரியாது என்பதால் நாயும் ஓரளவு நிற்கும்.

டெட்டால் எரியும். நாய் அதை நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் வெளியே வருவதுபோல்தான் இருக்கும்; ஆற ஆரம்பித்த சதையையும் சேர்த்தே அது கெடுக்கிறது. ஸ்பிரிட்டும் அதே ரகம். பெட்டாடின் பரவாயில்லை, ஆனால் அப்படியே ஊற்றக் கூடாது. வெளிர் டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, கழுவிய பிறகு ஒத்தினால் போதும்.

மஞ்சளைக் குறை சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். அதற்குக் கிருமியை ஓரளவு அடக்கும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயில் குழைத்து அப்பினால் தெருப் புழுதி முழுக்க அதில் ஒட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, காயம் சிவக்கிறதா, சீழ் கோக்கிறதா என்று எதுவுமே கண்ணுக்குத் தெரியாது.

நம் மருந்து டப்பாவில் இருக்கும் பெட்னோவேட் மாதிரி ஸ்டீராய்டு களிம்பு காயம் ஆறுவதைத் தள்ளிப்போடும். வலிக்கு நாம் போடும் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். தரவே கூடாது.

கட்டுப் போடுவதா, திறந்து விடுவதா? சிராய்ப்பைத் திறந்தே விடலாம். பாதக் காயத்துக்கு மட்டும் வெளியே போகும்போது ஒரு சாக்ஸ். நனைந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். நக்காமலிருக்கக் கழுத்துக்குக் கூம்புக் காலர்.

மழை பெய்து ஈ மொய்க்கும் நாட்களில், ஈ அண்டாமலிருக்கக் கால்நடை மருந்துக்கடையில் விற்கும் ஸ்ப்ரே உதவும். புழு வைத்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சதையைத்தான் வேக வைக்கும். மேலே தெரிவது சின்னத் துளை, உள்ளே புழு குடைந்து வெகுதூரம் போயிருக்கும். டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

வீடா, ஆஸ்பத்திரியா என்ற கணக்கில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு சாண் நீளச் சிராய்ப்பைப் பார்த்துப் பதறி ஆட்டோ பிடிப்பார்கள். அதை வீட்டிலேயே ஆற்றிவிடலாம். இன்னொரு நாய் கடித்த இரண்டு பல் துளையைச் சின்னதுதானே என்று விட்டுவிடுவார்கள். பல் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிடும், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், சில நாளில் சீழ்க்கட்டி. அதைத்தான் அன்றே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, தோல் பிளந்து சதை தெரிகிறது, கண்ணுக்குப் பக்கத்தில் காயம், நாற்றம், நொண்டல், சாப்பாடு இறங்கவில்லை என்றாலும் அப்படித்தான். தையல் போட வேண்டிய காயத்தை மறுநாளுக்கு ஒத்திப்போடக் கூடாது.

கடித்தது தெரு நாய் என்றால், உங்கள் நாய்க்கு வருடாவருடம் வெறிநோய் ஊசி போட்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்லி மறுபடி போட வேண்டும். காயத்தைக் கழுவும்போது கையுறை அவசியம். உங்கள் கையில் கீறல் இருந்து அதில் எச்சில் பட்டுவிட்டதா? சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்களும் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றைக்கே போய்விடுங்கள். ஊசிக்குக் காசு கிடையாது.