9 இன்ச்சா, 12 இன்ச்சா? மினி ஹிட்டாச்சிக்கு ஒரு பைப்லைன் பக்கெட்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மினி ஹிட்டாச்சி, அதாவது மண் தோண்டும் குட்டி எக்ஸ்கவேட்டர், வாங்குகிறவர்கள் வண்டியைப் பற்றி ஊரெல்லாம் விசாரிப்பார்கள். எந்த மாடல், எத்தனை மணி நேரம் ஓடிய வண்டி, டிராக் எப்படி இருக்கிறது என்று ஒன்றையும் விடமாட்டார்கள். பக்கெட் என்று வந்தால் மட்டும் "63 எம்எம் பைப்தானே போடப் போறோம், இருக்கிறதிலேயே சின்னதா ஒண்ணு கொடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் பைப்பின் அளவைப் பார்த்துப் பக்கெட் எடுப்பதே தப்பு. நம் மண்ணுக்குள் கிடக்கும் கல்லின் அளவைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வண்டியோடு வரும் பக்கெட் பெரும்பாலும் ஒன்றரை அடி முதல் 2 அடி வரை அகலம் இருக்கும். சொட்டுநீர் மெயின் லைனுக்கு அது வீண். 2 அடி ஆழத்தில் 100 அடி நீளம் தோண்டுவதாக வைத்துக்கொள்வோம். 9 இன்ச் அகலப் பக்கெட்டில் ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் வெளியே வரும், 12 இன்ச்சில் 2 யூனிட், 18 இன்ச்சில் 3 யூனிட். வந்த மண்ணையெல்லாம் திரும்பவும் உள்ளே தள்ளியாக வேண்டும். தள்ளினாலும் அடுத்த மழைக்கு அது அமுங்கும். பள்ளம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத் தோட்டத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு கோடு நிற்கும், அப்புறம் டிராக்டர் ஓட்டுகிறவர் திட்டுவார். அதனால் குறுகலான பக்கெட் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு குறுகல் என்பதில்தான் பேச்சு.

9 இன்ச்சுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. வண்டியின் இழுவை மாறாது. அந்த இழுவை நாலைந்து பல்லில் பிரிவதற்குப் பதில் இரண்டு மூன்று பல்லில் இறங்குவதால், காய்ந்து இறுகிய செம்மண்ணில் பல் ஆழமாகப் போகும். கோடையில் மழை இல்லாத மாதத்தில் அகலப் பக்கெட் மேலாகச் சுரண்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இது கடித்து எடுக்கும். மாந்தோப்பில் வேர் அறுபடுவதும் குறைவு. ஊருக்குள் தெருவில் குடிநீர் லைன் போடுகிறவர்களுக்கும் இது லாபம், சிமெண்ட் ரோட்டை வெட்டித் திரும்பப் போடும் செலவு அகலத்தோடு சேர்ந்தே ஏறும்.

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் வருஷக்கணக்கில் உழுது புரண்ட தக்காளித் தோட்டத்தில் 9 இன்ச் பக்கெட் வெண்ணெயை வெட்டுகிற மாதிரி போகும். அதையே சரளை மண்ணுள்ள ஒரு மாந்தோப்புக்குக் கொண்டுபோங்கள். மேலே ஒரு அடி செம்மண், அதற்குக் கீழே சரளை, நடுநடுவே தேங்காய் அளவிலிருந்து குடம் அளவு வரை உருண்டைக் கல். தேங்காய் அளவுக் கல் 9 இன்ச்சுக்குள் எப்படியோ வந்துவிடும். அதைவிடப் பெரியது வாயில் குறுக்கே நின்றுகொள்ளும். உள்ளேயும் போகாது, விட்டு விலகவும் செய்யாது. ஆபரேட்டர் ஒரு பல்லால் நெம்பிப் பார்ப்பார், கல் புரளும், மேலே வராது. கடைசியில் பக்கத்தில் இன்னொரு கடி எடுத்துப் பள்ளத்தை அகலப்படுத்தித்தான் கல்லை வெளியே எடுக்க வேண்டும். அப்படிக் கல்லுக்குக் கல் செய்தால் பள்ளம் ஒன்றரை அடி அகலத்துக்குப் போய்விடும், நேரமும் போகும். 9 இன்ச் வாங்கியதன் பயன் அங்கே இல்லை.

12 இன்ச் பக்கெட்டில் இந்தத் தொந்தரவு பாதியாகக் குறைகிறது. குடம் அளவுக் கல்லைத் தவிர மற்றதெல்லாம் வாய்க்குள் வரும். இன்னொரு விஷயம், ஒரு ஆள் கால் வைத்து நிற்க முடியும். 9 இன்ச் பள்ளத்தில் மண்வெட்டியே சரியாக இறங்காது. சரளையில் பைப்பை அப்படியே வைக்க முடியாது, அடியில் மூன்று நாலு இன்ச் சலித்த மண்ணோ மணலோ போட்டுச் சமப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கூர்க்கல் பைப்பைக் குத்தும். அந்த வேலைக்கு ஆள் இறங்கத்தான் வேண்டும். பைப்பை மேலேயே வைத்து ஒட்டி, சொல்யூஷன் காய்ந்த பிறகு நீளமாக இறக்குகிறோம் என்றால் 9 இன்ச்சே போதும். ஆனால் டீ, எல்போ, கேட் வால்வு வரும் இடத்தில் கை உள்ளே போக வேண்டுமே.

களிமண்ணில் இரண்டுமே சுமார்தான், அதிலும் 9 இன்ச் மோசம். கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் பாயும் நெல் வயல், ஏரிக்குக் கீழே உள்ள கழனி, இங்கெல்லாம் மழைக்குப் பிறகு தோண்டினால் மண் பக்கெட்டுக்குள் கட்டியாக அடைத்துக்கொண்டு கொட்டவே கொட்டாது. பக்கெட்டின் இரண்டு பக்கத் தகடும் அவ்வளவு நெருக்கத்தில் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆபரேட்டர் பொறுமையிழந்து பக்கெட்டைத் தரையில் தட்டுவார். அந்தத் தட்டு முழுக்கப் பக்கெட்டை வண்டியோடு மாட்டியிருக்கும் பின்னுக்கும் (இரும்பு ஊசி) அது உட்காரும் புஷ்ஷுக்கும்தான் போகும். அதனால் எந்த அகலம் எடுத்தாலும் ஒன்று பாருங்கள். பக்கெட்டின் வாய் அகலமாகவும் பின்புறம் கொஞ்சம் ஒடுங்கியும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் பெட்டி மாதிரி அடித்த பக்கெட் களிமண்ணில் உயிரை வாங்கும். ஓரப் பற்கள் லேசாக வெளிப்பக்கம் விரிந்திருந்தால் பக்கத் தகடு பள்ளத்துச் சுவரில் உரசாது.

அப்போ யாருக்கு எது? சரளையும் கல்லும் பல தோட்டங்களில் எதிர்ப்படுகிற இந்த இரண்டு மாவட்டத்தில் முதல் பக்கெட் 12 இன்ச் என்பேன். 9 இன்ச் இரண்டாவதாக வரட்டும், அதுவும் தெரு வேலையோ கல்லில்லாத செம்மண் வேலையோ தொடர்ந்து கையில் இருந்தால். விவசாயி மணிக்கணக்கில் வாடகை தருகிறார், காண்ட்ராக்ட்காரர் அடிக்கணக்கில் தருகிறார். அடிக்கணக்கில் ஓட்டுகிறவருக்குக் குறுகல் பக்கெட்டின் லாபம் நேராக அவர் பைக்குப் போகும், அவர் 9 இன்ச் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

மல்பெரி தோட்டம் ஒரு விதிவிலக்கு. ஜோடி வரிசை நடவில் பெரிய இடைவெளியே 5 அடிதான். 3 டன் வண்டி ஏறக்குறைய அந்த அகலம் இருக்கும், செடியை மிதிக்காமல் உள்ளே போகாது. குபோட்டா யூ17 மாதிரி ஒன்றே முக்கால் டன் வண்டி டிராக்கைச் சுருக்கினால் ஒரு மீட்டர் அகலத்துக்குள் வந்துவிடும். அந்தக் குட்டி வண்டிக்கு இறுகிய மண்ணில் 12 இன்ச் இழுப்பது பாரம், அங்கே 9 இன்ச்தான் சரி.

18 இன்ச்சை இந்தப் பேச்சிலிருந்து தள்ளிவிடலாம். 110 எம்எம்முக்கு மேல் பைப், ஒரே பள்ளத்தில் இரண்டு லைன், இல்லையென்றால் ஆள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய கேபிள் குழி என்றால்தான் அது தேவை. டிராக்டரில் மாட்டி, பல் வைத்த சங்கிலியால் பள்ளம் வெட்டும் செயின் டிரெஞ்சரும் உண்டு. கல்லில்லாத மண்ணில் அதன் வேகத்துக்குப் பக்கத்தில் எந்தப் பக்கெட்டும் நிற்காது. கல்லில் செயின் பல் தேயும் வேகமும் அப்படியே. பென்னாகரம் பக்கம் விரிபாறை வந்தால் எந்தப் பக்கெட்டும் ஆகாது, பாறை உடைக்கும் பிரேக்கரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இனி கம்பெனி பக்கெட்டா, பட்டறையில் அடித்ததா என்ற கேள்வி. பட்டறைப் பக்கெட்டை நான் மட்டம் தட்ட மாட்டேன். நல்ல பிட்டர் கையில் அது வருஷக்கணக்கில் உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் மூன்று அளவுகளை நீங்களே வெர்னியர் வைத்து எடுத்துக் கொடுங்கள்: பின்னின் விட்டம், இரண்டு பின்னுக்கும் நடுவே மையத்திலிருந்து மையத்துக்குள்ள தூரம், வண்டியின் கை (ஆர்ம்) உட்காரும் இரண்டு காதுத் தகடுகளின் இடைவெளி. "அந்த மாடல் வண்டிக்கு" என்று வாயால் சொல்வது போதாது. மையத் தூரம் கொஞ்சம் மாறினாலும் பக்கெட் முழுதாக மடங்காது, இல்லையென்றால் விரியாது, பிடித்த மண் வழியிலேயே கொட்டும். காது இடைவெளி அதிகமானால் வாஷர் போட்டு அடைப்பார்கள். ஒரு மில்லி, இரண்டு மில்லி பரவாயில்லை. விரல் நுழையும் அளவு இடைவெளி என்றால் குறுகல் பள்ளத்தில் பக்கெட் இடதும் வலதுமாக ஆடி, 9 இன்ச் பக்கெட் 11 இன்ச் பள்ளம் தோண்டும்.

9 இன்ச்சில் இன்னொன்று கவனிக்க வேண்டும். பின்னின் தலையும் லாக் போல்ட்டும் பக்கெட் அகலத்துக்குள் அடங்குகிறதா? பக்கெட் குறுகலாக இருந்து பின் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஒன்றரை அடிக்குக் கீழே போனதும் அது சுவரைக் கீறும், கிரீஸ் நிப்பிள் உடைந்து விழும், பின் காய்ந்து தேயும்.

வெட்டுமுனைக்கு லாரி ஸ்பிரிங் பட்டையை வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பட்டை கடினம்தான், ஆனால் சூடு பார்க்காமல் அடித்த வெல்டு ஓரத்தில் விரிசல் விடும், முதல் கல்லிலேயே தெரிந்துவிடும். பல்லும் நேராகப் பற்றவைத்ததாக இல்லாமல், அடாப்டரில் பின் போட்டுக் கழற்றும் வகையாக இருக்கட்டும். தேய்ந்த முனையைத் தோட்டத்திலேயே சுத்தியலால் தட்டி மாற்றிவிடலாம். பக்கெட் வாங்கும்போதே ஒரு செட் முனையும் அதற்கான பின்னும் சேர்த்து வாங்கி வண்டி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள்.