விண்டோஸ் என்.டி. 4.0: தொலை அணுகல் சேவையின் மீளழைப்பு வசதி பற்றிய மதிப்பீடு

திருகோணமலை நகரிலிருந்த எங்கள் மொத்த விற்பனை நிலையத்துக்கு மூதூரில் ஒரு கிளை இருந்தது. கொட்டியாரக்குடாவைப் படகில் கடந்தால் எட்டிவிடக்கூடிய அந்த ஊருக்குத் தரைவழியே போவதென்றால், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுச் சேவையை நம்பித் துறையில் காத்திருக்க வேண்டும். கிளையின் அன்றாடக் கணக்கு புளொப்பித் தட்டில் பதிவாகிப் படகில் வந்துகொண்டிருந்தது. கடல் கொந்தளித்த நாட்களில் கணக்கும் வராது. இந்த இக்கட்டைத் தீர்க்கத்தான் மைக்ரோசொப்டின் இயங்குதளமான விண்டோஸ் என்.டி. 4.0 சேர்வரில் இருந்த, தொலைபேசி வழியே வெளியூர்க் கணினியை இணைக்கும் தொலை அணுகல் சேவையையும், கணினியைத் தொலைபேசி இணைப்புடன் சேர்க்கும் கருவியான மொடெமில் வெளியே பொருத்தும் 56கே வகை ஒன்றையும் தெரிவுசெய்தோம். பல ஆண்டுகள் அதை நாளாந்தம் பயன்படுத்தியவன் என்ற முறையில், அதன் மீளழைப்பு வசதியைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன்.

வசதியின் அடிப்படை எளிமையானது. கிளையிலிருந்து அழைப்பு வந்ததும் மொடெம் அதை ஏற்கும்; சேர்வர் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து இணைப்பைத் துண்டித்துவிட்டு, தன்னிடம் பதிந்துள்ள இலக்கத்துக்குத் தானே அழைக்கும். கடவுச்சொல்லைக் களவாடிய ஒருவர் வேறோர் ஊரிலிருந்து அழைத்தாலும், தொலைபேசி மணி ஒலிப்பது மூதூர்க் கிளையின் மேசையில்தான். வெளியே பொருத்தும் மொடெமில் சிவப்பு விளக்குகள் அணைந்து, சில நொடிகளில் மீண்டும் எரிவதைக் கண்ணால் காணலாம் என்பதால், முதன்முறை அமைப்பவர்களுக்கு அத்தகைய மொடெமையே பரிந்துரைக்கிறேன்.

அமைப்பது கடினமன்று. சேர்வரில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் யூசர் மனேஜரில் பயனரைத் திறந்து ‘டயல்-இன்’ பொத்தானை அழுத்தினால் மூன்று தெரிவுகள் தோன்றும்: மீளழைப்பு வேண்டாம், இலக்கத்தை அழைப்பவரே தருவார், முன்கூட்டிப் பதிந்த இலக்கத்துக்கு மட்டும். இவற்றுள் இரண்டாவதைப் பாதுகாப்பு என்று எண்ணுவதே மிகப் பரவலான தவறு. அழைப்பவர் தரும் இலக்கத்துக்கே சேர்வர் அழைக்குமாயின், கடவுச்சொல்லை அறிந்த எவரும் தமது வீட்டு இலக்கத்தைக் கொடுத்துவிடலாம். அந்தத் தெரிவு அழைப்புக் கட்டணத்தைத் தலைமை நிலையத்தின் பட்டியலில் சேர்ப்பதற்கு மட்டுமே உதவும். எங்களுக்கு இதை நிறுவித் தந்த தொழில்நுட்பவியலாளர் எல்லாப் பயனர்களுக்கும் இரண்டாவது தெரிவையே இட்டுச் சென்றிருந்தார் என்பதை நான் நான்கு மாதங்களுக்குப் பின்னரே கண்டுபிடித்தேன். அந்த நான்கு மாதங்களும் எங்கள் கடன் பேரேடு திறந்த கதவுக்குப் பின்னால் கிடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது.

மூன்றாவது தெரிவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சில தொலைபேசி இணைப்பகங்களில், அழைத்தவர் தொலைபேசியை வைக்கும்வரை இணைப்பு முழுமையாக அறுவதில்லை. ஊடுருவ முனைபவர் அழைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, போலியான டயல் ஒலியை எழுப்பினால், மொடெம் புதிய அழைப்பை எடுப்பதாக எண்ணி, பழைய இணைப்பிலேயே இலக்கங்களைச் சுழற்றிவிட்டு அதே நபருடன் மீண்டும் பேசத் தொடங்கிவிடும். நம் நாட்டு டயல் ஒலியை அடையாளம் காணாத மொடெம்களுக்குத் தொடக்கக் கட்டளையில் ‘எக்ஸ்3’ சேர்க்கும் வழக்கம் இந்த இடரை மேலும் பெருக்குகிறது. ஏனெனில் அக்கட்டளையின்படி மொடெம் டயல் ஒலிக்காகக் காத்திராமலே சுழற்றும். எங்கள் மொடெம் டயல் ஒலியை உணர்ந்துகொண்டதால், அவ்வொலி கேட்ட பின்பே சுழற்றச் செய்யும் ‘எக்ஸ்4’ஐயே வைத்தோம். வெளி அழைப்புக்கென்று தனியாக இரண்டாவது இணைப்பை எடுத்து, அதன் வழியே திரும்ப அழைப்பதுதான் முறையான தீர்வு. அதற்கான செலவு எங்கள் அளவிலான வணிகத்துக்குத் தாங்காது. பதிந்த இலக்கத்துக்கு வரும் அழைப்புகளை எவராவது வேறு இலக்கத்துக்குத் திருப்பிவிட்டால் மீளழைப்பும் அங்கேதான் போகும் என்பதால், கிளையின் இணைப்பில் அந்த வசதியை நிறுத்திவைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மீளழைப்பு இருக்கிறதே என்று கடவுச்சொல்லை இலகுவானதாக வைக்கலாகாது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரு முனைகளிலும் சாதாரண தொலைபேசி இணைப்பே இருந்தால் 56கே மொடெமும் நொடிக்கு 33,600 பிட்டுகளுக்கு மேல் போகாது. மீளழைப்பு முடிந்து இணைப்பு நிலைபெற ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். 200 கிலோபைட் அளவிலான எங்கள் நாட்கணக்கு அதன்பின் ஒன்றரை நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

ஓரிடத்தில் நிலைத்திருக்கும் கிளைக்கு இவ்வசதி மிகப் பொருத்தமானது. ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளருக்கு இது பயன்படாது. ஒரு பயனருக்கு ஓர் இலக்கத்தையே பதியலாம் என்பதால், நிலாவெளியிலிருந்து ஒரு நாளும் கந்தளாயிலிருந்து மறுநாளும் அழைப்பவரை இதற்குள் அடக்க முடியாது. கிளை இடம் மாறும்போதும் கவனம் தேவை. மூதூர்க் கிளை வேறு கட்டடத்துக்குப் போய் அதன் தொலைபேசி இலக்கம் மாறிய வாரத்தில், பதிவை மாற்ற நாங்கள் மறந்துவிட்டோம். சேர்வர் ஒவ்வொரு மாலையும் பழைய இலக்கத்துக்குத் தவறாமல் அழைத்துக்கொண்டிருக்க, கிளை முகாமையாளர் மூன்று நாட்கள் புளொப்பித் தட்டுடன் மீண்டும் படகேறி வந்தார்.