வம்சாவளி புராஜெக்ட்: பிசிஏவா, அட்மிக்ஸ்சரா?

மரபணு வம்சாவளியைக் கோடிங்கில் அலசப் போகும் மாணவர் குழு முதலில் முட்டிக்கொள்வது எதை எடுப்பது என்பதில்தான்: ஏராளமான மரபணு வேறுபாடுகளைச் சில அச்சுகளாகச் சுருக்கி ஆட்களைப் படத்தில் புள்ளிகளாகக் காட்டும் பிசிஏ (முதன்மைக் கூறு பகுப்பாய்வு) முறையா, ஒவ்வொருவரிடமும் எந்த மூதாதையர் குழுவின் பங்கு எவ்வளவு என்று கணிக்கும் அட்மிக்ஸ்சர் மென்பொருளா? தரவு பிரச்சினையே இல்லை, பல நாட்டு மக்களின் மரபணுத் தொகுதிகளைப் பதிவுசெய்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத் தொகுப்பில் 26 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள், அதுவும் இலவசமாக.

பிசிஏ என்றால் பைத்தானும் அதன் இயந்திரக் கற்றல் நூலகமான சைகிட்-லேர்னும் போதும், சில வரிகளில் வேலை முடிந்து ஆப்பிரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா எல்லாம் தனித்தனிக் கூட்டமாகத் தெரியும். ஆனால் ஒருவருக்கு எந்த வம்சாவளி எத்தனை சதவீதம் என்று அது சொல்லாது.

அட்மிக்ஸ்சர் அதைச் சொல்லும். சரி, அப்புறம் என்ன தயக்கம்? மூதாதையர் குழுக்கள் எத்தனை (கே) என்பதை நாம்தான் கொடுக்க வேண்டும், வினையே அங்கேதான்: மூன்று என்றால் ஒரு கதை, ஆறு என்றால் வேறு கதை, குறுக்குச் சரிபார்ப்பில் (தரவில் ஒரு பகுதியை மறைத்து, அதை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று பார்க்கும் சோதனை) பிழை குறைவான எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும், முடிவைப் படமாக வரையும்போது குழுவுக்கொரு நிறமாக வரும் வண்ணப் பட்டைகளைக் கலப்பில்லாத 'தூய' மூதாதையர்களாகப் படித்துவிடக் கூடாது. விண்டோஸில் நேரடியாக ஓடாது என்பது கூடுதல் தலைவலி.

எதை எடுத்தாலும், ஒன்றோடொன்று ஒட்டியே கடத்தப்படும் எஸ்என்பிகளை (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறுபடும் ஒற்றை எழுத்து இடங்கள்) முதலில் பிளிங்க் என்ற மரபணுத் தரவு மென்பொருளில் களைந்துவிடுங்கள். நேரம் குறைவென்றால் என் ஓட்டு பிசிஏவுக்கே. புள்ளியியலில் கை தேர்ந்தவர் குழுவில் இருந்தால் அட்மிக்ஸ்சரை அவரிடம் தள்ளிவிடலாம்.