பழைய எஸ்யூவி: கம்பெனி சர்வீஸா, தெரிந்த மெக்கானிக்கா?

வாரன்டி முடிந்து பல ஆண்டுகளான பொலீரோ, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளுக்கு ஆயில், ஃபில்டர் மாற்றுவதில் இரண்டு இடங்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. கூலி மெக்கானிக்கிடம் பெரும்பாலும் குறைவு. பிரேக் விஷயம் அப்படியன்று. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை இறங்கிவிடும்; சூடேறும்போது பிரேக் சரியாகப் பிடிக்காமல் போகலாம். சென்னை போன்ற கடலோர ஊரில் 2 ஆண்டுக்கொருமுறை அதை மாற்றிவிடுவது நல்லது. சர்வீஸ் சென்டரில் இது அட்டவணையிலேயே இருக்கும். மெக்கானிக்கிடமோ நாம்தான் நினைவூட்டி, சீல் பிரிக்காத டப்பாவைக் கண்ணெதிரே திறக்கச் சொல்ல வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடியைப் பழையதாக வாங்கலாம், பிரேக் பேடை வாங்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுக்காமல், ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து வேலை பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால், நான் அவரிடமே விடுவேன்.