கவர்னருக்கு ஓட்டுப் போட்ட இடம்: நாலு நட்சத்திரம்

வடக்கு வர்ஜீனியாவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் சமூகக் கூடம். 2025 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 1 வரை முன்கூட்டியே ஓட்டுப் போடலாம் என்பதால், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 74 வயது. குடியுரிமை வாங்கியபின் அவருக்கு முதல் ஓட்டு.

"கவர்னரை டில்லியிலிருந்துதானே அனுப்புவாங்க, அவருக்கு எதுக்கும்மா எலெக்‌ஷன்?" என்றார் காரில்.

"இங்க கவர்னர்னா நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரிப்பா."

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். 65 தாண்டியவர்களுக்கு வாக்குச்சீட்டு காருக்கே வரும். ஆனால் பலகையில் இருந்த எண்ணுக்கு மூன்று தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு, "நடக்கறேன் விடு" என்று அப்பாவே இறங்கிவிட்டார். நானாவது உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. ஒரு நட்சத்திரம் அதற்குத்தான் போச்சு.

உள்ளே போனதும் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. பெயரையும் முகவரியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அட்டையில் அப்பா பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்து ஒரு முழ நீளம். மேசையில் இருந்த வயதான அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி, ஒன்றையும் விழுங்காமல் திருப்பிச் சொன்னார். இந்த ஊரில் தன் பெயரை ஒருவர் முழுசாகச் சொல்லி அப்பா கேட்டது அன்றைக்குத்தான்.

தொடுதிரை இயந்திரங்களை இங்கே 2017இலேயே கழித்துக்கட்டிவிட்டார்கள். காகிதச் சீட்டில் முட்டை வடிவக் கட்டத்தைப் பேனாவால் நிரப்பி, ஸ்கேனரில் நாமே நுழைக்க வேண்டும். சீட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்த அப்பா, "இப்ப இருக்கிறவர் பேரு எங்க?" என்று தமிழில் சத்தமாகக் கேட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. அப்போது ஆளுநராக இருந்த யங்கின் மறுபடி நிற்க முடியாது. வர்ஜீனியாவில் ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு தடவை வரச் சட்டம் விடாது. அதனால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நாற்காலி தானாகவே காலி.

ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் தனித்தனி ஓட்டு. 2005இல் ஜனநாயகக் கட்சியின் டிம் கெய்ன் ஆளுநர், குடியரசுக் கட்சியின் பில் போலிங் துணை ஆளுநர். இதைத் திரும்பும் வழியில் சொன்னபோது, "ரெண்டு பேரும் ஒரே ஆபீசுக்கா போனாங்க?" என்று கேட்டார்.

கட்சிக்காரர்கள் வாசலிலிருந்து 40 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். வரிசையில் அன்றைக்கு அரசியலைவிடச் சம்பளப் பேச்சுதான் அதிகம். மத்திய அரசு முடக்கத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர்.

நவம்பர் 4 இரவு ஜனநாயகக் கட்சியின் ஸ்பான்பெர்கர் 57 சதவீதத்துக்கு மேல் வாங்கி வர்ஜீனியாவின் முதல் பெண் ஆளுநராகத் தேர்வானார். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் ஜனநாயகக் கட்சியின் இடங்கள் 51இலிருந்து 64 ஆனது. அப்பாவுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். துணை ஆளுநராக ஜெயித்த கஸாலா ஹாஷ்மி ஹைதராபாத்தில் பிறந்தவர் என்று தெரிந்ததும், ஊருக்குப் போன் போட்டு எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அந்தப் போன் நம்பரை நம்பி உட்கார வேண்டாம். நேராக உள்ளே போய் மேசையில் சொல்லுங்கள்; சீட்டு காருக்கு வரும்.