மலையோர இறக்கங்களுக்கு ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் பிரேக்: ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மவுண்டன் பைக் வாங்குபவர்கள் சில மாதங்களில் முன் ஷாக்கையோ கியரையோ மாற்றத் தொடங்குகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் மாற்ற வேண்டியது பிரேக் என்பதே என் உறுதியான கருத்து. குறைந்த விலை சைக்கிள்களில் வரும் கேபிள் டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக, சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் எம்டி200 ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும்) பிரேக்கைப் பொருத்தி, மலையோரத்திலும் கடற்கரையிலும் இரண்டு பருவமழைகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கேபிள் பிரேக் இங்கே தோற்பதற்கு இந்த மாவட்டத்தின் நிலமும் வானிலையுமே முதல் காரணம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் ஊர் இது. தடிக்காரன்கோணத்துக்கு மேலே கீரிப்பாறைப் பக்கமும், குலசேகரத்துக்கு மேலே பேச்சிப்பாறைப் பக்கமும் ரப்பர் தோட்டங்களுக்குள் போகும் செம்மண் பாதைகள் மழையில் குழைந்து, அந்தச் சேறு கேபிள் உறைக்குள் நுழைகிறது. மணக்குடி, புத்தளம் உப்பளங்களை ஒட்டியும் சொத்தவிளைக் கடற்கரைச் சாலையிலும் ஓட்டினால் உப்புக்காற்று அதே கேபிளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. உள்ளே உரசல் கூடியதும் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் விசையில் ஒரு பகுதி கேபிளோடு தீர்ந்துவிடுகிறது. மேலும், மலிவான கேபிள் காலிப்பர்களில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பேட் (டிஸ்க்கோடு உரசும் கட்டை) மட்டுமே நகர்ந்து, டிஸ்க்கை வளைத்து மறுபக்கப் பேடின்மேல் அழுத்துகிறது. பேட் தேயத் தேய நாமே திருகி இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், நீண்ட இறக்கத்தின் நடுவில் லீவர் கைப்பிடியைத் தொடும் நிலை வந்துவிடுகிறது.

எம்டி200 இந்தக் குறைகளை நேரடியாகத் தீர்க்கிறது. மூடிய குழாய்க்குள் இருக்கும் மினரல் ஆயில் விசையைக் கடத்துவதால் சேறும் உப்பும் உள்ளே போக வழியில்லை. பேடுகளைத் தள்ளும் இரண்டு பிஸ்டன்களும் இரு பக்கமும் சமமாக நகர்கின்றன, பேட் தேய்ந்தாலும் இடைவெளி தானாகச் சரியாகிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது நிறுத்தும் வலிமையைவிட அதன் அளவான கட்டுப்பாடு. ரப்பர் தோட்டத்துச் சரிவுகளில் காலையில் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வாளியோடு மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருப்பார்கள். வளைவுக்கு அப்பால் ஒருவர் நிற்கிறார் என்று கண்ட நொடியில், சக்கரத்தைப் பூட்டிச் சறுக்காமல், இலைச்சருகின்மேல் மெல்ல வேகம் குறைக்க முடிவது அவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை என்றே நினைக்கிறேன். (தோட்டப் பாதையானால் நிர்வாகத்தின் ஒப்புதலும், காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதியும் தேவை.)

வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது கியர் விசை, அதாவது கியரை மாற்றும் லீவர். தொடக்கநிலை சைக்கிள்கள் பலவற்றில் கியர் விசையும் பிரேக் லீவரும் ஒரே உடலாக வருகின்றன. ஷிமானோவின் இஎஃப்500 அவ்வகையைச் சேர்ந்தது. அப்படியிருந்தால் பழைய பிரேக் லீவரைக் கழற்றும்போது கியர் விசையும் போய்விடும் என்பதால், தனிக் கியர் விசைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். கடைக்காரர் இதை முதலிலேயே சொல்வது அரிது. இரண்டாவது, காலிப்பர் பொருந்தும் இடம். எம்டி200 போஸ்ட் மவுண்ட் வகை, அதாவது போல்ட்டுகள் சக்கரத்துக்கு இணையாக இறங்கும். ஃபிரேமில் ஐஎஸ் வகைத் துளைகள் (போல்ட்டுகள் பக்கவாட்டில் போகும் அமைப்பு) இருந்தால் இடையில் பொருத்தும் அடாப்டர் தேவைப்படும். மூன்றாவது, குழாய் ஓடும் வழி. முன் பிரேக்கும் பின் பிரேக்கும் ஆயில் நிரப்பப்பட்டே பெட்டியில் வருவதால், குழாய் ஃபிரேமுக்கு வெளியே ஓடும் சைக்கிளில் வீட்டிலேயே மாட்டிவிடலாம். ஃபிரேமுக்குள்ளே ஓடும் சைக்கிளில் குழாயைத் துண்டித்து, மீண்டும் இணைத்து, காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அந்த மெக்கானிக் யார் என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு, அங்கே இருப்பதோ டாட் 3, டாட் 4 பிரேக் திரவம். என்னோடு ஓட்டும் ஒருவரின் சைக்கிளில் ஒரு பட்டறை அதையே ஊற்றிக் கொடுத்தது. டாட் திரவத்துக்கும் மினரல் ஆயிலுக்கும் ரப்பர் சீல்கள் வெவ்வேறு. மாற்றி ஊற்றினால் சீல்கள் கெட்டு, லீவரையும் காலிப்பரையும் சேர்த்தே தூக்கிப்போட நேரும். அவருக்கும் அதுவே நேர்ந்தது. ஆகவே மினரல் ஆயிலை நாமே வாங்கிக் கையில் கொடுத்து, அதுவே ஊற்றப்படுவதை நின்று பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. இதனுடன் வரும் ரெசின் (பிசின் கலவையாலான) பேட் சத்தமின்றி மென்மையாகப் பிடிக்கிறது, ஆனால் ஈரச் செம்மண்ணில் விரைவாகத் தேய்கிறது. ஐப்பசி மழையில் அது கரையும் வேகம் கோடையோடு ஒப்பிடவே முடியாதது. உலோகப் பேட் போடலாமே என்று தோன்றும். ஆனால் இந்த விலையில் கிடைக்கும் ரோட்டர்கள் (பேட் பிடிக்கும் டிஸ்க்குகள்) பலவும் ரெசின் பேடுக்கு மட்டுமே உரியவை, ரோட்டரின் மேலேயே அது பொறிக்கப்பட்டிருக்கும். ரோட்டரையும் மாற்றாமல் பேடை மட்டும் மாற்றினால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துபோகும். நீண்ட இறக்கத்தில் லீவரை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் பேட் சூடேறி, மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறி, பிடிப்பு குறைகிறது. அழுத்தி விடுவித்து, மறுபடி அழுத்தி இறங்குவதே முறை. உடல் எடை அதிகமுள்ளவர்கள், முன் ஃபோர்க் அனுமதித்தால், முன்சக்கரத்துக்கு 160 மி.மீ. ரோட்டருக்குப் பதில் 180 மி.மீ. போடலாம்.

பராமரிப்பு எளிது, ஆனால் சுத்தம் பார்க்க வேண்டும். செயினுக்கு எண்ணெய் தெளிக்கும் ஸ்ப்ரேயின் துளி ரோட்டரில் பட்டாலே பிரேக் கீச்சிட்டுப் பிடியை இழக்கும். ரோட்டரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், எண்ணெய் ஊறிய பேடை மட்டும் காப்பாற்றுவது கடினம். காரில் ஏற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றினால் பேடுகளுக்கிடையே அவற்றுக்குரிய பிளாஸ்டிக் தகடைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது லீவரைத் தொட்டதும் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பஞ்சர் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தால், நிமிர்த்தியதும் லீவரைச் சில முறை அழுத்திப் பார்த்த பிறகே ஏற வேண்டும், ஏனெனில் லீவரில் இருக்கும் காற்று குழாய்க்குள் போயிருக்கக்கூடும். புதுப் பேட் போட்டதும் சமதளத்தில் வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் வேகம் குறைப்பதை இருபது தடவையாவது செய்தால்தான் அது ரோட்டரோடு பழகும். பேடின் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

நாகர்கோவிலுக்குள் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. கேபிளையும் உறையையும் ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தாலே போதும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்து வறண்ட பாதைகளில் மட்டுமே ஓட்டுபவர், முள்ளுக்கு அஞ்சாத டயருக்கு முதலில் செலவழிக்கலாம். மலையோரத்தில் மழையிலும் ஓட்டுபவருக்கு எம்டி200ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இதற்கு மேற்பட்ட வகைகளில் லீவர் இன்னும் உறுதியாக இருக்கும் என்பது உண்மை. ஆயினும் கேபிளிலிருந்து இதற்கு மாறும்போது உணரும் வேறுபாடு, இதிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அவ்வளவு பெரிதாக இராது. பிரேக்கோடு ஒரு ஜோடி உதிரிப் பேடும் சேர்த்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே அதை விற்கும் கடை கிடையாது.