ஐந்தரையா, கிளாசிக்கா: இரண்டு பழைய ஐபாட்களின் ஓசை

ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடில் பழையது ஒன்றை வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். "ஐந்தரைத் தலைமுறையை எடுங்க. உல்ஃப்சன் சிப், சத்தம் கதகதப்பா இருக்கும். கிளாசிக் துல்லியம்தான், ஆனா வறட்சி." இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பல மாதங்கள் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டேன். இந்தப் பேச்சில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

ஐந்தரை என்று ரசிகர்கள் சொல்வது 2006 செப்டம்பரில் 30, 80 ஜிபி அளவுகளில் வந்த ஐபாட் வீடியோவை. எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றித் தருவது, ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த உல்ஃப்சன் நிறுவனத்தின் டபிள்யூஎம்8758 சிப். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஐபாட் கிளாசிக் வந்தபோது ஆப்பிள் அமெரிக்காவின் சிரஸ் லாஜிக் பக்கம் போய்விட்டது. அதில் இருப்பது சிஎஸ்42எல்55. (2014இல் சிரஸ் லாஜிக் உல்ஃப்சனையே வாங்கிவிட்டது. சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை.)

நான் சோதிக்க எடுத்துக்கொண்டது ஒரு கச்சேரிப் பதிவு. இரண்டிலும் தரம் குறையாமல் சுருக்கிய ஆப்பிள் லாஸ்லெஸ் கோப்பு, இரண்டுக்கும் ஒரே இயர்போன். அதில் இரண்டு இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்று, மிருதங்கத்தின் தொப்பியில் இடது கையை அழுத்தித் தேய்க்கும்போது 'கும்ம்' என்று வளைந்து எழும் கும்கி. கதகதப்பு இருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். இன்னொன்று தம்பூரா. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகிய ஜீவா நூல்தான் அந்த ரீங்காரத்தை மேலே மேலே விரியவைக்கிறது. ஒவ்வொரு தந்தியும் விரிந்து அடங்குவது பிரிந்து கேட்டால் அதுதான் துல்லியம்.

இப்படிக் கேட்பதற்கு முன்னால் சத்தத்தைச் சமமாக்க வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காதுக்கு அது 'நல்ல' ஓசையாகப் பட்டுவிடும். 400 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்றை இரண்டிலும் ஓடவிட்டு, இயர்போன் மாட்டியிருக்கும்போதே மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளந்து, முடிந்த அளவு ஒன்றாக்கினேன். அப்புறம் எது எது என்று தெரியாதபடி என் தங்கை மாற்றி மாற்றிச் செருகித் தந்தாள்.

முதலில் 16 ஓம் மின்தடை கொண்ட இயர்போன். கும்கி வந்த சில நொடிகளிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. கிளாசிக்கில் அது வயிற்றில் இறங்குகிறது. ஐந்தரையில் அடி கொஞ்சம் மெலிந்து, பாடகரின் குரல் ஒரு அடி முன்னால் வந்து நின்றது. ஆக, கதகதப்பானது என்று பெயர் வாங்கிய கருவியில்தான் பேஸ், அதாவது ஆழமான கீழ் ஓசை, குறைந்திருந்தது!

இதற்குக் காரணம் உல்ஃப்சன் சிப் இல்லை. ஐந்தரையில் சிப்புக்கும் இயர்போன் துளைக்கும் இடையே கபாசிட்டர்கள் இருக்கின்றன. அலையாக ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும் டிசி மின்னழுத்தம் இயர்போனுக்குப் போகாமல் தடுப்பது அவற்றின் வேலை. ஆனால் அவை கீழ் ஓசைகளையும் கொஞ்சம் தடுத்துவிடும், எவ்வளவு என்பது இயர்போனின் ஓம் அளவைப் பொறுத்தது. உதாரணமாக 220 மைக்ரோஃபாரட் கபாசிட்டரோடு 16 ஓம் சேர்ந்தால் 45 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். அதே கபாசிட்டரோடு 64 ஓம் என்றால் அந்த இறக்கம் 11 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். மனிதக் காது கேட்கும் எல்லைக்கே கீழே. கிளாசிக்கின் சிப் எதிர்மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு அலையைப் பூஜ்யத்தைச் சுற்றியே தருவதால் அங்கே கபாசிட்டருக்கு வேலையே இல்லை. ஐந்தரையைப் பிரித்து அந்தக் கபாசிட்டர்களைச் சுற்றி வேறு வழி போடும் ரசிகர்கள் இருப்பதும் இதனால்தான்.

64 ஓம் ஹெட்போனை மாட்டியதும் கதை மாறிவிட்டது. கும்கி இரண்டிலும் ஒன்றுதான். தம்பூராவில் மட்டும் கிளாசிக் ஒரு நூலிழை தெளிவு என்று தோன்றியது. ஆனால் தங்கை கேட்டபோது எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை, எனவே அந்தத் தோன்றலுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

அப்படியென்றால் இத்தனை பேர் ஐந்தரையைக் கதகதப்பு என்பது வெறும் பிரமையா? நான் அப்படி நினைக்கவில்லை. கடையில் கிடைக்கும் இயர்போன்களில் பல, பேஸை அள்ளிக் கொட்டுபவை. அவற்றோடு ஐந்தரை சேரும்போது அடியில் இருக்கும் மொத்தை கொஞ்சம் கரைந்து, குரல் இருக்கும் நடுப்பகுதி மேலே வருகிறது. குரல் பக்கத்தில் வந்தால் நாம் அதைக் கதகதப்பு என்கிறோம். அனுபவம் உண்மை, காரணம்தான் வேறு.

வெளித்தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தரையின் முகப்பு பிளாஸ்டிக், கீறல் விழும், ஆனால் திறப்பது சுலபம். கிளாசிக்கின் உலோகக் கூட்டைத் திறக்க நகமும் பொறுமையும் வேண்டும். உள்ளே பேட்டரியோ வட்டோ மாற்ற நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

என்னைக் கேட்டால், 16, 18 ஓம் இயர்போன் வைத்திருந்து மிருதங்கமும் தவிலும் கேட்பவர் கிளாசிக்கை எடுக்கட்டும். பேஸ் மிகுந்த இயர்போனோடு குரலை மட்டுமே ரசிப்பவர் தயங்காமல் ஐந்தரையை எடுக்கலாம். 64 ஓமுக்கு மேலே ஹெட்போன் இருந்தால் எது நல்ல நிலையில், நியாயமான விலையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். கதகதப்பைச் சிப்பில் தேடிப் பணத்தை விடுவதைவிட நல்ல இயர்போனில் தேடுவது மேல்.

நான் தினமும் கையில் எடுப்பது கிளாசிக். இரவில் வீடு தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்துக் கேட்கும்போது மட்டும் அது வறண்டுதான் போகிறது. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் ஓசைகள் சரியாக எட்டாது என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்த நேரத்துக்கென்று, ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ஐபாடில் போடக்கூடிய ராக்பாக்ஸின் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றி ஒரு அமைப்பைச் சேமித்து வைத்திருக்கிறேன். அதைப் போட்டதும் தொப்பி மறுபடி 'கும்ம்' என்கிறது, தம்பூராவும் கலங்காமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.